எட்ஜின் ஐஇ மோட்: பழைய பக்கத்துக்குச் சரி, புது வேலைக்கு வேண்டாம்

ஒரு ஆபீஸை நடத்துகிறவராக இருந்தால் மைக்ரோசாஃப்ட் எட்ஜ் பிரவுசரில் இருக்கும் இந்த ஐஇ (இன்டர்நெட் எக்ஸ்புளோரர்) மோடுக்கு ஐந்துக்கு நான்கு ஸ்டார் தாராளமாகக் கொடுக்கலாம். வெப் டெவலப்பராக இருந்தால் இரண்டரைதான். நான் இரண்டாவது ரகம். ஆனால் என் கிளையன்ட்கள் எல்லாரும் முதல் ரகம், கோயம்புத்தூர், திருப்பூர் பக்கம் மில், பின்னலாடைக் கம்பெனி, ஆடிட்டர் ஆபீஸ் என்று இருப்பவர்கள். அதனால் இதை இரண்டு பக்கமும் நின்று பார்க்க வேண்டியதாகிவிட்டது.

தெரியாதவர்களுக்கு முதலில் கொஞ்சம். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11க்கு 2022 ஜூன் 15 அன்று மைக்ரோசாஃப்ட் விடை கொடுத்தது. 2023 பிப்ரவரி 14 அன்று வந்த எட்ஜ் அப்டேட்டுக்குப் பிறகு, சாதாரண விண்டோஸ் 10 கம்ப்யூட்டரில் பழைய ஐகானை அழுத்தினாலும் எட்ஜ்தான் திறக்கும். ஆனால் பக்கத்தை வரையும் எஞ்சின், ட்ரைடென்ட் என்பார்களே அது, எங்கேயும் போகவில்லை, விண்டோஸுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. எட்ஜில் ஒரு டேபை ஐஇ மோடில் திறந்தால் வெளிச்சட்டம் எல்லாம் குரோமுக்கும் அடிப்படையான புது குரோமியம், உள்ளே பக்கத்தை வரைவது அந்தப் பழைய எஞ்சின். முகவரிப் பட்டையின் இடது பக்கம் பழைய நீல ‘இ’ லோகோ வந்து நிற்கும், அதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். புது வீடு கட்டிக் குடிபோன பிறகும் பின்பக்கத்து ஓட்டு வீட்டை இடிக்காமல் சாமான் போட்டு வைப்பார்களே, அந்த மாதிரி. குறைந்தது 2029 வரை இது இருக்கும் என்று மைக்ரோசாஃப்ட் வாக்குக் கொடுத்திருக்கிறது.

இது யாருக்கு வேண்டும் என்று கேட்டால், என் கண் முன்னால் இருக்கும் உதாரணம் திருப்பூரில் ஒரு நூல் குடோன். வருகிற ஒவ்வொரு மூட்டையும் எலக்ட்ரானிக் தராசில் ஏறும், தராசிலிருந்து ஒரு சீரியல் கேபிள் கம்ப்யூட்டருக்கு வரும், திரையில் ‘எடை எடு’ என்று ஒரு பட்டன் இருக்கும், அதை அழுத்தினால் எடை தானாகக் கட்டத்துக்குள் வந்து விழும், லாட் நம்பரை மட்டும் டைப் அடித்தால் போதும். யாரோ எப்போதோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போன அப்ளிகேஷன். தராசைப் படிப்பது ஆக்டிவ்எக்ஸ் (ஐஇக்குள் ஓடும் சின்ன புரோகிராம்), அதைக் கூப்பிடுவது விபிஸ்கிரிப்ட் (மைக்ரோசாஃப்டின் பழைய ஸ்கிரிப்ட் மொழி). குரோமில் திறந்தால் பக்கம் ஒழுங்காகத்தான் வரும், பட்டனும் இருக்கும், ஆனால் அழுத்தினால் ஒன்றுமே நடக்காது, தப்பு என்றுகூடச் சொல்லாது. தராசில் தெரியும் எண்ணைப் பார்த்துக் கையால் அடித்தால் என்ன என்று கேட்கலாம். அடிக்கலாம், ஆனால் 49.85 என்பது அவசரத்தில் 48.95 ஆகிவிடும், மாதக் கடைசியில் ஸ்பின்னிங் மில் கணக்கோடு இடிக்கும். அதைத் தவிர்க்கத்தான் அந்த பட்டனையே வைத்தார்கள்.

இந்த இடத்தில் ஐஇ மோட் உண்மையிலேயே சபாஷ் போட வைக்கிறது. எட்ஜ் செட்டிங்ஸில் ‘டீஃபால்ட் பிரவுசர்’ பகுதிக்குள் போய் ஐஇ மோடில் ரீலோட் செய்ய அனுமதி கொடுத்து, அந்த இன்ட்ராநெட் (ஆபீஸ் உள் நெட்வொர்க்) முகவரியைப் பட்டியலில் சேர்த்து, பக்கத்தைத் திறந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி விபிஸ்கிரிப்ட். ஐஇ11க்கே உரிய டாக்குமென்ட் மோடில் (எந்தப் பதிப்பைப் போலப் பக்கத்தை வரைவது என்ற அமைப்பு) விபிஸ்கிரிப்ட் ஓடாது, ஐஇ10 அல்லது அதற்குக் கீழே உள்ள மோடில்தான் ஓடும். அதனால் நீல ‘இ’யை அழுத்தினால் வரும் குட்டிப் பெட்டியில் பழைய பதிப்பைப் போலக் காட்டும் கம்பேட்டிபிலிட்டி வியூவையும் ஆன் செய்ய வேண்டும். அப்புறம் விண்டோஸின் இன்டர்நெட் ஆப்ஷன்ஸில் அந்த சர்வரை நம்பகமான தளங்களில் சேர்த்து ஆக்டிவ்எக்ஸுக்கு அனுமதி. அவ்வளவுதான், ஸ்டோர்ஸ் அண்ணன் பட்டனை அழுத்துகிறார், எடை வந்து விழுகிறது, ஒரு வரி கோட் மாற்றவில்லை. முதலாளிக்கு ஒரு பைசா செலவில்லை (என் பில்லைத் தவிர).

சரி, குறைகளுக்கு வருவோம், ஏனென்றால் அடுத்த மாதமே போன் வரும். ‘தம்பி, அந்த பட்டன் மறுபடியும் படுத்துடுச்சு’ என்று. காரணம் இதுதான்: செட்டிங்ஸில் கையால் சேர்க்கும் முகவரிக்கு ஆயுள் 30 நாள். அது முடிந்ததும் சத்தமில்லாமல் பட்டியலில் செல்லாமல் போய்விடும், பக்கம் வழக்கமான எட்ஜில் திறக்கும், நீல ‘இ’ காணாமல் போயிருக்கும், குடோனில் இருக்கிறவருக்கு அந்த லோகோவைக் கவனிக்கவா நேரம். நிர்வாகப் பாலிசி வழியாக அதை 90 நாள் வரை நீட்டலாம். ஆனால் நிரந்தரமாக வேண்டுமென்றால் ஒரே வழி, என்டர்பிரைஸ் சைட் லிஸ்ட் என்று ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு எழுதி, எந்த முகவரி ஐஇயில் திறக்க வேண்டும், எந்தப் பழைய பதிப்பைப் போல நடந்துகொள்ள வேண்டும் என்று அதில் குறிப்பிட்டு, குரூப் பாலிசியில் (ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கு விதி வைக்கும் விண்டோஸ் வசதி) அந்தக் கோப்பின் இடத்தைக் காட்டிவிடுவது. ஐடி டீம் இருக்கும் பெரிய கம்பெனிக்கு இது பத்து நிமிட வேலை. பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் ஆபீஸில் குரூப் பாலிசி என்றால் ஏதோ இன்சூரன்ஸ் என்று நினைப்பார்கள். வீட்டில் பயன்படுத்துபவர் ஒரு தடவை ஆன் செய்துவிட்டு மறந்ததுக்கு 30 நாள் கெடு வைத்தால் நியாயம், ஒரு தொழிலே அதை நம்பி ஓடும்போது அந்தக் கெடு எரிச்சல்தான்.

இரண்டாவது குடைச்சல் லாகின். ஐஇ மோட் டேபும் சாதாரண எட்ஜ் டேபும் ஒரே ஜன்னலுக்குள் இருந்தாலும் உள்ளே வேறு வேறு புராசஸ், லாகின் ஆனதை நினைவில் வைக்கும் செஷன் குக்கீ தானாகப் பகிரப்படாது. லாகின் பக்கம் எட்ஜில் திறந்து, அப்ளிகேஷன் ஐஇயில் திறந்தால், உள்ளே போனவரை மறுபடியும் வாசலுக்கே அனுப்பிவிடும். பாஸ்வேர்ட் தப்பு என்று நினைத்து மூன்று தடவை அடித்து அக்கவுன்ட்டை லாக் செய்துவிடுவார்கள். இதற்கும் வழி இருக்கிறது, லாகின் சர்வரை அதே எக்ஸ்எம்எல்லில் நடுநிலைத் தளமாகக் குறித்தால் எந்த எஞ்சினிலிருந்து வந்தார்களோ அதிலேயே தங்கும், அல்லது குறிப்பிட்ட குக்கீயைப் பகிரச் சொல்லலாம். வழி இருப்பது வேறு, அதைத் தேடிக் கண்டுபிடிப்பது வேறு.

டெவலப்பராக என் பெரிய மனக்குறை எஃப்12, அதாவது பக்கத்தில் உள்ள தப்பைத் தேட உதவும் டெவலப்பர் டூல்ஸைத் திறக்கும் கீ. ஐஇ மோட் பக்கத்தில் அதை அழுத்தினால் வெற்று ஜன்னல் ஒன்று திறந்து, டெவலப்பர் டூல்ஸ் இங்கே கிடைக்காது, ஐஇசூசரைத் திறந்துகொள் என்று சொல்லும். அது விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் எஃப்12 என்ற ஃபோல்டரில் ஒளிந்திருக்கிறது. அதை ஓடவிட்டு, திறந்திருக்கும் ஐஇ டேபைத் தேர்ந்தெடுத்தால் பழைய ஐஇ11 டூல்ஸ் அப்படியே வரும். வேலை ஆகும், கன்சோல் இருக்கிறது, பிரேக்பாயின்ட் வைக்கலாம். ஆனால் இன்றைய டூல்ஸில் பழகிய கைக்கு அது பெரிய சோதனை. ஒன்று மட்டும் பாராட்ட வேண்டும்: இது நிஜ எஞ்சின். முன்பெல்லாம் ஒரே கம்ப்யூட்டரில் பல ஐஇ பதிப்புகளைக் காட்டும் ஐஇடெஸ்டர் மாதிரி கருவிகளை நம்பி, அதில் சரியாகத் தெரிந்தது கிளையன்ட் ஆபீஸில் கோணலாகத் தெரியும் கூத்தெல்லாம் நடந்தது. பிறகு மைக்ரோசாஃப்டே இலவசமாக வர்ச்சுவல் மெஷின்கள் (கம்ப்யூட்டருக்குள் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) கொடுத்தது, 90 நாளில் காலாவதியாகும், ஜிபி ஜிபியாக டவுன்லோட். அதோடு ஒப்பிட்டால் இது சொர்க்கம்.

ஐஇ6 காலத்தைப் பார்க்காத பையன்களுக்கு இந்தச் சலிப்பெல்லாம் எதற்கு என்று தோன்றும். 2001 ஆகஸ்டில் ஐஇ6 வந்தது, அடுத்த பதிப்பான ஐஇ7 வந்தது 2006 அக்டோபரில். நடுவில் ஐந்து வருஷம் உலகமே அதில்தான் ஓடியது. ஃப்ளோட் செய்த (ஓரமாக ஒதுக்கிய) பெட்டிக்கு 10 பிக்சல் மார்ஜின் (ஓர இடைவெளி) கொடுத்தால் அது 20 எடுத்துக்கொள்ளும், அதைத் திருத்த அந்தப் பெட்டிக்கு டிஸ்ப்ளே இன்லைன் என்று, அர்த்தமே இல்லாத ஒரு வரி சேர்க்க வேண்டும். பின்னணி தெரிய வேண்டிய பிஎன்ஜி லோகோவைச் சுற்றிச் சாம்பல் நிறச் சதுரம் நிற்கும். குறைந்தபட்ச உயரம், அதிகபட்ச அகலம் எதுவும் தெரியாது. பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் ஒரு வரிக்கு முன்னால் அடிக்கோடு ஒன்று போட்டால் அதை ஐஇ6 மட்டும் படிக்கும், மற்றவை தவிர்த்துவிடும் என்பதைக் கண்டுபிடித்தவருக்கு ஊரூராகச் சிலை வைத்திருக்க வேண்டும். ஐஇ8, ஐஇ9இல் இன்னொரு கொடுமை, கோடில் எங்கேயாவது கன்சோல் லாக் (சோதனைக்காக எழுதும் வரி) மறந்து விட்டுவிட்டால் டெவலப்பர் டூல்ஸ் திறக்காதவருக்கு ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும், நாம் பார்க்கும்போது டூல்ஸ் திறந்திருப்பதால் எல்லாம் சரியாக ஓடும். ‘எங்க கம்ப்யூட்டர்ல ஓடலையே சார்’ என்று அவர்கள், ‘இங்க ஓடுதே’ என்று நாம்.

ஆனால் அதை விட முடியாததற்கு நியாயமும் இருந்தது, தமிழ் வாசகருக்கு இன்னும் கூடுதலாக. யூனிகோட் பரவுவதற்கு முன்னால் தமிழ்ப் பத்திரிகைத் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தன, அதைத் தானாக இறக்கிக் காட்டும் இஓடி வசதி ஐஇயில்தான் இருந்தது, வேறு பிரவுசரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடும் கலந்த கிறுக்கல்தான். யூனிகோடுக்கு வந்த பிறகும் பயர்ஃபாக்ஸ் 2இல் ஒரு சிக்கல்: பத்தியை இரு ஓரமும் சமமாக இருக்கும்படி ஜஸ்டிஃபை செய்திருந்தால் எழுத்து உடைந்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று கிடக்கும். 2008இல் பயர்ஃபாக்ஸ் 3 வந்த பிறகுதான் அது ஒழுங்கானது. பிரவுசிங் சென்டரில் மணிக்கு இத்தனை ரூபாய் என்று கொடுத்து உட்கார்ந்தவர் பிரவுசரை மாற்றியா பார்ப்பார், விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்த ஐஇ6ஐத்தான் திறப்பார். அவருக்காகத்தான் நாங்கள் அந்த அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தோம், அதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை.

இப்போது நிலைமை தலைகீழ். ஐஇயில் உட்கார்ந்திருப்பவர் வேறு வழியில்லாமல் அங்கே இருக்கவில்லை, பக்கத்து டேபிலேயே அவருக்குப் புது எஞ்சின் இருக்கிறது. இதைத்தான் கிளையன்டிடம் புரியவைக்க வேண்டியிருக்கிறது. ஐஇ மோட் நன்றாக வேலை செய்வதைப் பார்த்ததும் அவர்களுக்கு ஒரு ஆசை வரும்: ‘புதுசா பண்ற சைட்டும் அதுலயே ஓடுற மாதிரி பண்ணிருங்க, எல்லாரும் ஒரே இடத்துல இருக்கட்டும்’. கேட்க எளிமையாக இருக்கும். நான் தனி கொட்டேஷன் தருகிறேன், பார்த்ததும் ஆசை போய்விடும். மிரட்டுவதற்காகப் போடும் தொகையும் இல்லை அது, நிஜமாகவே அவ்வளவு வேலை இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் ஏரோ ஃபங்ஷன் என்ற புது நடை ஒரே ஒரு இடத்தில் இருந்தால் போதும், ஐஇ11 அந்த ஃபைல் முழுவதையும் தூக்கிப் போட்டுவிடும், கிடைப்பது வெள்ளைப் பக்கம். ஃபெட்ச், பிராமிஸ் மாதிரி இன்றைய ஜாவாஸ்கிரிப்ட் வசதிகள் கிடையாது, எல்லாவற்றையும் பேபல் என்ற கருவி போட்டுப் பழைய நடைக்கு மாற்றி, இல்லாத வசதியை ஈடுகட்டும் பாலிஃபில் ஏற்றி, குரோமில் இருப்பவரும் அந்தச் சுமையைச் சேர்த்து இறக்க வேண்டும். சிஎஸ்எஸ் வேரியபிள் தெரியாது. பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் கிரிட் தெரியும் என்று சொல்லும், ஆனால் அது 2012ஆம் வருஷத்து ஐஇ10 கொண்டுவந்த பழைய கிரிட், ஒவ்வொரு பெட்டிக்கும் எந்தக் கிடை வரிசை, எந்த நெடு வரிசை என்று நாமே சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் எல்லாம் முதல் கட்டத்திலேயே ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொள்ளும். சரி லைப்ரரி (மற்றவர்கள் எழுதி வைத்த ரெடிமேட் கோட்) பார்த்துக்கொள்ளும் என்றால் அவர்களும் கடையைக் கட்டிவிட்டார்கள், பூட்ஸ்டிராப் 5 2021 மே மாதத்திலேயே ஐஇயை விட்டது, வேர்ட்பிரஸ் அதே வருஷம் ஜூலையில், ரியாக்ட் 18 அடுத்த வருஷம். ஜெக்வெரி 4 ஒன்றுதான் இன்னும் ஐஇ11க்கு மனசு இறங்கியிருக்கிறது, அதற்கு முந்தைய ஐஇக்களை அதுவும் கைவிட்டுவிட்டது.

அதனால் என் வழக்கம் என்னவென்றால், பழைய அப்ளிகேஷன் முகவரி மட்டும் சைட் லிஸ்ட்டுக்குள், புதிதாக எழுதுவது எதுவும் அதற்குள் வராது. இரண்டுக்கும் நடுவில் ஒரு லிங்க், அதை அழுத்தினால் எட்ஜே எஞ்சினை மாற்றிக்கொள்ளும், வேலை செய்கிறவருக்கு மாறியதே தெரியாது. ஐஇ மோடின் உண்மையான லாபம் என்று நான் பார்ப்பது இதைத்தான், பழையதற்காகப் புதியதைக் கெடுக்க வேண்டிய கட்டாயத்தை அது ஒழித்துவிட்டது. முன்பு ஒரே பிரவுசர்தான் ஆபீஸில் அனுமதி, அது ஐஇ8, அதனால் எல்லாமே ஐஇ8க்கு என்று இருந்த காலம் போய்விட்டது.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கறாராக இருங்கள். 2025 ஆகஸ்டில் தாக்குதல் கும்பல் ஒன்று, அசல் போலவே இருக்கும் போலித் தளத்துக்கு ஆட்களை வரவைத்து, ‘இதை ஐஇ மோடில் ரீலோட் செய்யுங்கள்’ என்று கேட்டு, சம்மதித்ததும் பழைய சக்ரா ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினில் இருந்த ஓட்டை வழியாகக் கம்ப்யூட்டருக்குள் புகுந்திருக்கிறது. அதற்குப் பிறகு ஐஇ மோடுக்கான டூல்பார் பட்டன், ரைட் கிளிக் மெனு, மேல் மெனு எல்லாவற்றையும் மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. தனிநபர்கள் செட்டிங்ஸுக்குள் போய் முகவரியைச் சேர்த்தால்தான் உண்டு, பாலிசி வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு மாற்றமில்லை. ‘பட்டனைக் காணோம்’ என்று திட்டுபவர்கள் இதைத் தெரிந்துகொண்டு திட்டலாம். உள் நெட்வொர்க் முகவரி தவிர வேறு எதையும் அந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

2029 வரை என்ற வாக்குறுதியை நம்பிக் கையைக் கட்டி உட்காரவும் முடியாது. விபிஸ்கிரிப்ட்டுக்கு மைக்ரோசாஃப்ட் தனியாக நாள் குறித்திருக்கிறது, விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலேயே அது கழற்றக்கூடிய பாகமாக மாறிவிட்டது, 2027 வாக்கில் நிறுவும்போதே அணைத்து வைக்கப்படும் என்று அறிவித்திருக்கிறார்கள். அதாவது எஞ்சின் இருக்கும், குடோன் பட்டன் முன்னாலேயே நின்று போகலாம். தராசு மாதிரி விஷயங்களுக்கு இன்று நேர்வழி இருக்கிறது: குரோம், எட்ஜ் இரண்டிலும் 89ஆம் பதிப்பிலிருந்து வெப் சீரியல் ஏபிஐ உண்டு, பிரவுசரே சீரியல் போர்ட்டைத் திறந்து படிக்கும், ஆக்டிவ்எக்ஸ் தேவையே இல்லை. ஒரே நிபந்தனை, பக்கம் எச்டிடிபிஎஸ்ஸில் இருக்க வேண்டும், அதனால் உள் சர்வருக்கும் ஒரு சர்டிபிகேட் போட வேண்டும், அதில்தான் பாதி நேரம் போகிறது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் விஷயத்தில் வேறு வழி பிடித்தார்கள். 2015 செப்டம்பரில் குரோம் 45, 2017 மார்ச்சில் பயர்ஃபாக்ஸ் 52 என்று, அந்தக் கையெழுத்தைப் போடப் பயன்பட்ட ஜாவா ஆப்லெட்டை வரிசையாக வெளியே தள்ள, கொஞ்ச காலம் ஐஇதான் கதி என்று இருந்தது. இப்போது ஜிஎஸ்டி தளத்தில் கையெழுத்துப் போட எம்சைனர் என்ற சின்ன புரோகிராம் கம்ப்யூட்டரில் தனியாக ஓடுகிறது, பிரவுசர் அதனுடன் பேசுகிறது. ஆடிட்டர் ஆபீஸ்காரர்களுக்கு அதிலும் ஆயிரம் புலம்பல் உண்டு, அது வேறு கதை.

பழைய பிரவுசர் தொல்லை ஐஇயோடு முடிந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்கள் இன்னும் கடை கடையாக இருக்கின்றன, அவற்றுக்குக் கடைசி குரோம் 109, எட்ஜும் அதே 109தான், அதற்கு மேல் ஏறாது. 109க்கு ‘ஹேஸ்’ செலக்டர் என்ற புது சிஎஸ்எஸ் வசதி தெரியும், ஆனால் சிஎஸ்எஸ் நெஸ்டிங் (ஒரு விதிக்குள் இன்னொரு விதி எழுதுவது) தெரியாது, நெஸ்டிங்கில் எழுதிய பகுதியைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். பழைய ஐபோன்களில் சஃபாரி ஐஓஎஸோடு கட்டப்பட்டிருப்பதால் போன் அப்டேட் நின்றால் பிரவுசரும் நின்றது. இவர்களுக்கு ஐஇ மோடால் ஒரு பிரயோஜனமும் இல்லை. உலகப் புள்ளிவிவரத்தைப் பார்த்து முடிவெடுக்காமல் கிளையன்டின் சொந்த சர்வர் லாகைத் திறந்து பாருங்கள், பில் போடுகிற கவுன்ட்டர் கம்ப்யூட்டர் எந்தப் பதிப்பில் இருக்கிறது என்பது அதில் இருக்கும். நெஸ்டிங்கை பில்ட் செய்யும்போதே விரித்துவிடுவது ஒரு வரி செட்டிங், ஐஇக்குச் செய்த தவத்தோடு ஒப்பிட்டால் இதெல்லாம் வேலையே இல்லை.

மேக்புக் வைத்திருக்கும் டெவலப்பர்கள் இதற்காக எட்ஜை இறக்க வேண்டாம், ஐஇ மோட் விண்டோஸில் மட்டும்தான். மேக்கில் எட்ஜ் கிடைக்கும், அந்த எஞ்சின் கிடைக்காது. டெஸ்ட் செய்தே ஆகவேண்டும் என்றால் வர்ச்சுவல் மெஷினில் விண்டோஸ் போடுங்கள், இல்லை கிளையன்ட் ஆபீஸுக்கே போய் அங்கே இருக்கும் கம்ப்யூட்டரில் பாருங்கள், பிரின்டர் செட்டிங்கும் தராசு கேபிளும் அங்கேதானே இருக்கிறது.